பத்தாம் லயம், எந்தக் கணக்கு?

அம்மா போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. சிவசக்தி இன்னும் அழவில்லை. அலுவலகத்தில் இதைப் பார்த்து மனத்திடம் என்று மெச்சிக்கொண்டார்கள். மெச்சுகிறவர்களுக்கு என்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். அவளுக்குத் தெரியும், இது திடமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்குமோ, உள்ளே அப்படித்தான் இருந்தது. தொடுவது தெரிந்தது. வலிக்கவில்லை.

காலையில் ஹாலிஎலயில் வாடகை அறையைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். பதுளைக் கடைத்தெருவில் ஒரு மின்சாமான் கடைக்கு மேல்மாடியில் மிப்ரானின் கம்பனி. மாலை வரைக்கும் வேலை. திரும்பி வந்து சோறு. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தூக்கம் வந்தது, அதுதான் அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பெற்றவளைப் பறிகொடுத்தவளுக்கு இப்படி அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம் வரலாமா என்ன?

மிப்ரானின் கம்பனி என்றால் ஏதோ பெரிய சாம்ராஜ்யம் என்று நினைத்துவிடக் கூடாது. மொத்தமே நான்கு பேர். ஆனால் மீட்டிங் மட்டும் நாற்பது பேர் கம்பனிக்கு உள்ளது போல நடக்கும், மிப்ரானுக்கு மீட்டிங் என்றால் உயிர். அப்போது அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு டேட்டாபேஸ் கிளையன்ட். எங்கேயோ ஒரு சர்வரில் கிடக்கிற தரவுகளைப் பார்க்கவும் திருத்தவும் ஒருவர் தன் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துக்கொள்கிற மென்பொருள் அது. திறந்ததும் முதலில் அதற்கு எங்கே போகவேண்டும் என்று சொல்ல வேண்டும். வருகிற ஆள் யார், போகவேண்டிய சர்வர் எது, அதில் எந்த வாசல், உள்ளே எந்த டேட்டாபேஸ், இவ்வளவையும் ஒரே வரியில் எழுத வேண்டும். எதற்குப் பின் எது வரும், நடுவில் எந்தக் குறியைப் போடுவது, எதை எழுதாமல் விடலாம், விட்டால் என்ன ஆகும் என்று ஒரு இலக்கணம் வகுக்க வேண்டும். அந்த இலக்கணம்தான் சிவசக்தியின் வேலை.

குறிகளை அவள் சுலபமாக முடித்துவிட்டாள். வெள்ளைப் பலகையில் இப்படி எழுதி வைத்திருந்தாள்:

ஆள் @ கிளை : வாசல் / டேட்டாபேஸ்

முதல் வாடிக்கையாளர் ஒரு மருந்துக்கடைக்காரர். பதுளை, பண்டாரவளை, வெலிமடை என்று மூன்று கிளை. மூன்று கிளையின் சர்வரிலும் ‘இருப்பு’ என்ற பெயரிலேயே ஒரு டேட்டாபேஸ் உண்டு. அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

“ஆள் கிளையை எழுதாம வெறும் ‘இருப்பு’ன்னு மட்டும் எழுதினா?” என்று மிப்ரான் கேட்டார். “நம்ம கிளையன்ட் என்ன செய்யணும்? சொல்லுங்க தங்கச்சி.”

பதில் நிரோஜனிடமிருந்து வந்தது. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பதுளையிலேயே பிறந்து வளர்ந்த பையன், ஆனால் பேச்சை மட்டும் வீட்டில் பத்திரமாக வைத்து வளர்த்திருந்தார்கள். “பதுளை எண்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதுதானே பெரிய கிளை. உலகத்திலை இருக்கிற எல்லாக் கிளையன்டும் அப்பிடித்தான் அக்கா செய்யுது. விடுபட்டதை அதுகளே நிரப்பிக்கொள்ளும். ஆக்களுக்கும் லேசு.”

“வேணாம்” என்றாள் சிவசக்தி.

“ஏன்?”

“வெலிமடைக்காரன் வெலிமடையில உக்காந்துகிட்டு ‘இருப்பு’ன்னு எழுதினா, அவன் மனசுல இருக்கிறது வெலிமடை இருப்பு. அதச் சொல்லணும்னே அவனுக்குத் தோணாது. நம்ம பெரிய கிளைக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். அவன் அங்க போயி எல்லாத்தையும் மாத்திப்புட்டு வருவான்.”

குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. நிரோஜன் மறுபடி வாயைத் திறந்தான். மிப்ரான் மேசைக்குக் கீழே காலால் அவனை ஒரு இடி இடித்தார். பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பெரிய கிளைக்குக் கூட்டிப் போய்விடுவோம் என்று அவள் சொன்னது மருந்துக்கடையை மட்டும் அல்ல.

அந்தக் கதை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். சிவசக்தி பிறந்தது தெமோதரைக்கு மேலே, கல்லுப்பாலத் தேயிலைத் தோட்டத்தில். தோட்டம் மூன்று கணக்கு. ஒவ்வொரு பிரிவையும் அங்கே கணக்கு என்றுதான் சொல்வார்கள். ஃபெக்டரியும் ஆபீசும் தார் ரோட்டும் இருப்பது பணியக் கணக்கு. அதற்கு மேலே நடுக்கணக்கு. மலையின் உச்சியை ஒட்டி மேக்கணக்கு. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்கு நம்பர் போட்ட அந்தக் காலத்துத் துரைமார் ஒவ்வொரு கணக்கிலும் ஒன்றிலிருந்து ஆரம்பித்துப் போட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டார்கள். ஆக, தோட்டத்தில் பத்தாம் லயம் என்று மூன்று இருக்கிறது. உள்ளே இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு குழப்பமும் கிடையாது. மேக்கணக்கில் நின்று பத்தாம் லயம் என்றால் மேக்கணக்குப் பத்தாம் லயம். யாரும் கணக்கின் பேரைச் சேர்த்துச் சொல்வதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அம்மா பாக்கியலெட்சுமி மேக்கணக்கு மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது குளவிக்கூடு கலைந்தது. மற்றவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஓட முடியவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மேக்கணக்குப் பத்தாம் லயத்து வீட்டில் இருந்த அப்பா இராசையா சத்தம் கேட்டுப் போனார், அம்புலன்சுக்குப் போன் பண்ணினார். அம்புலன்ஸ் போய் நின்றதோ பணியக் கணக்குப் பத்தாம் லயத்தில். அங்கே நோயாளி யாரும் இல்லை.

அந்த லயத்தில்தான் அத்தை இருந்தாள், அப்பாவின் தங்கை. அன்றைக்கு உடம்புக்கு முடியாமல் வேலைக்குப் போகாமல் வீட்டில் படுத்திருந்தவள். குளவி கொட்டிய ஆளைத் தேடுகிறோம் என்று வண்டிக்காரன் சொன்னதும், குளவிக்கூடு இருந்தது எந்த மலை என்று அவளுக்குப் பொறி தட்டிவிட்டது. “அது மேக்கணக்குப் பத்தாம் லயம், இது பணியக் கணக்கு” என்று சொல்லிவிட்டு, வழி தப்பிவிடுவானோ என்று தானும் வண்டியில் ஏறிக்கொண்டாள். மேக்கணக்குக்கு வண்டிப் பாதை மலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. வண்டி மேலே போய்ச் சேர்ந்தபோது அங்கே ஆளில்லை. அப்பாவும் லயத்து ஆட்களும் அம்மாவைக் கம்பளியில் கட்டித் தடியில் தூக்கிக்கொண்டு குறுக்குவழியில் இறங்கிவிட்டிருந்தார்கள். வண்டி திரும்பச் சுற்றிக் கீழே வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரி வாசலில் சிவசக்தி காத்துக்கொண்டு நின்றாள். கதவைத் திறந்தபோது அம்மாவின் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. மூச்சு இல்லை.

சாவு வீட்டிலேயே பேச்சு கிளம்பிவிட்டது. “இராசையா கணக்குப் பேரச் சொல்லாம விட்டுட்டான்யா. வெறுமன பத்தாம் லயம்னு சொன்னா வண்டிக்காரன் என்னத்தக் கண்டான்? ரோட்டோரத்துல இருக்கிற லயத்துக்குத்தான் போவான்.” யாரும் கோபமாகச் சொல்லவில்லை. அனுதாபமாகத்தான் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டு அப்பா மூலையில் உட்கார்ந்திருந்தார். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கருமாதி அன்று அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். “நானாவது வீட்டுல இருந்தேனே, இல்லாட்டி அந்த வண்டி வந்த வழியே போயிருக்குமே, என் மதினி அந்த வாசல்லயே போயிருக்குமே.” எல்லோரும் அத்தையைத் தேற்றினார்கள். நல்லவேளை நீ இருந்தாய் என்றார்கள்.

அன்றிலிருந்து சிவசக்தியின் தொண்டையில் ஒரு வாக்கியம் நின்றுவிட்டது. ‘கணக்குப் பேரச் சொல்லியிருக்கலாமேப்பா.’ அதை அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. ஆனால் அதைத் தாண்டி வேறு எதையும் அவரிடம் சொல்லவும் முடியவில்லை. சனிக்கிழமைதோறும் போவாள். அரிசி, பருப்பு, அப்பாவின் மாத்திரை எல்லாவற்றையும் எடுத்து வைப்பாள். கூட்டிப் பெருக்குவாள். கடைசி பஸ்சுக்கு முன்பே கிளம்பிவிடுவாள். ஒரு மகள் செய்யவேண்டியதில் எதுவும் குறையில்லை, பேச்சைத் தவிர.

மீட்டிங் முடிந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அத்தை.

“சத்தி, வேலையா இருக்கியா?”

“சொல்லுங்க அத்த.”

“ஒங்கப்பா சோறே திங்க மாட்டேங்கிறாரு புள்ள. நான் காலையில கொண்டு போயி வச்சது அந்தியில அப்புடியே இருக்கு. இடுப்புல வேட்டி நிக்க மாட்டேங்குது. இப்புடியே போனா மதினி பின்னாலயே போயிருவாரு.”

“ம்.”

“நாங்க சொல்லி அவருக்கு ஏறாது. நீ சொல்லணும். ஒன் மேல தப்பில்லப்பான்னு ஒரே ஒரு வார்த்த ஒன் வாயால சொல்லிப்புடு. அதுக்குத்தான் அந்த மனுசன் காத்துக்கிட்டு இருக்காரு. ஒனக்குமா புரியல?”

புரிந்தது. புரியாமல் என்ன? ஆனால் தப்பில்லை என்று அவள் நினைக்கவில்லையே, நினைக்காததை எப்படிச் சொல்வது? வாய் சொல்லிவிடும். அப்பா முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். “பாக்கிறேன் அத்த” என்று போனை வைத்தாள். அப்பா செத்துப்போவார் என்று நினைத்துப் பார்த்தாள். அதுவும் தொடுவது தெரிந்தது, வலிக்கவில்லை. அப்போதுதான் தன்னை நினைத்து அவளுக்கே கொஞ்சம் பயம் வந்தது.

பயத்தோடு வேலையைத் திறந்தாள். விதியை எழுத ஆரம்பித்தாள்.

‘விதி ஒன்று: முகவரியில் கிளை விடுபட்டிருந்தால் கிளையன்ட் தானாக எதையும் நிரப்பாது. எந்தக் கிளை என்று கேட்கும். பதில் வரும்வரை நகராது.’

எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டவன் மேல் தப்பு ஏது? தன் ஊருக்குள் நிற்கிறவன் ஊர்ப் பேரை விடத்தான் செய்வான், அது மனித சுபாவம். கேட்கவேண்டியது யார்? அந்தப் பக்கத்தில் நிற்கிறவன். அவனுக்குத்தான் மூன்று பத்தாம் லயமும் தெரியும், தெரியவேண்டும். கேட்காமல் ரோட்டோரத்து லயத்தைத் தானாக நிரப்பிக்கொண்டு வண்டியை அனுப்பியவன் மேல் தப்பு. இதை யாரோ சொல்லிக் கேட்டிருந்தால் சமாதானம் என்று தள்ளியிருப்பாள். தானே எழுதி, தானே திருத்தி, காற்புள்ளி வரைக்கும் சரிபார்த்த விதியாக இருந்ததால் நம்பிவிட்டாள். அப்பா மேல் தப்பில்லை. சனிக்கிழமை போய்ச் சொல்லிவிடலாம்.

அடுத்த நாள் இரண்டாவது சிக்கல் வந்தது. ஆள் கிளையைச் சரியாக எழுதிவிட்டார், ஆனால் அந்தக் கிளையில் அந்தப் பெயரில் டேட்டாபேஸ் இல்லை. அப்போது? சிவசக்தி இதற்கு யோசிக்கவே இல்லை. மனதுக்குள் அத்தை வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

‘விதி இரண்டு: சொன்ன கிளையில் அது இல்லாவிட்டால், மற்றக் கிளைகளில் அதே பெயரில் இருப்பதைத் தேடி, கிளையன்ட் அங்கே அழைத்துப்போகும்.’

“இது நல்ல மனுசத்தனமான விதி” என்று மிப்ரானுக்குப் பிடித்துப்போய்விட்டது.

நிரோஜனுக்குப் பிடிக்கவில்லை. “அக்கா, குறை நினையாதேங்கோ. நேற்றுக் கேட்காமல் ஒண்டும் செய்யக்கூடாது எண்டியள். இண்டைக்குக் கேட்காமலே கூட்டிக்கொண்டு போகலாம் எண்டுறியள். சொன்ன இடத்திலை இல்லையெண்டால் இல்லை எண்டு சொல்லிப்போட்டு அங்கையே நிக்கவேணும். ஒருவேளை அந்த டேட்டாபேசை இப்பதான் அங்கை மாத்திக்கொண்டு வருகினமோ தெரியாது. வந்து சேர முந்தி நாங்கள் வேறை இடத்துக்குப் போயிட்டால்?”

“ஒரு ஆளு ஒதவிக்கு வந்தா வேணாம்னு சொல்லுவீங்களா நிரோஜன்?” என்று கேட்டாள். பிறகு அத்தை வண்டியில் ஏறிய கதையை இரண்டே வரியில் சொன்னாள். செய்தி வாசிக்கிற குரல். அம்மா செத்த கதையோடு வாதாட எந்த மடையன் வருவான்? நிரோஜன் தலையைக் குனிந்துகொண்டான். விதி இரண்டு நிறைவேறியது.

சனிக்கிழமை தெமோதரையில் பஸ்சை விட்டு இறங்கி, பணியக் கணக்கைத் தாண்டி, குறுக்குவழியில் ஏறினாள். அத்தையின் வீடு பூட்டிக் கிடந்தது, ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்குச் சாமான் வாங்கப் போயிருப்பாள். குறுக்குவழி செங்குத்து. ஏறுகிறவளுக்கே மூச்சு வாங்கியது. இதில் கம்பளியைக் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள் என்ற எண்ணம் வந்தது. வந்து, அப்படியே போய்விட்டது.

அப்பா முன்திண்ணையில், அந்த இஸ்தோப்பில், கதவுக்குப் பக்கத்தில் போட்ட பலகையில் உட்கார்ந்திருந்தார். அத்தை சொன்னது மிகையில்லை. சட்டைக் கொலருக்குள் கழுத்து ஆடியது. சிவசக்தி செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, சாமான் பையைக்கூட உள்ளே வைக்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வைத்தால் கூட்டிப் பெருக்கப் போய்விடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

“அப்பா.”

“ம்.”

“ஒங்க மேல தப்பு இல்லப்பா. நீங்க கணக்குப் பேரச் சொல்லாட்டி என்ன? அவங்கதான் கேட்டிருக்கணும். எந்தக் கணக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்காம வண்டிய அனுப்புனது அவங்க தப்பு.”

எழுதிய விதியை ஒப்பித்த மாதிரித்தான் இருந்தது. இருந்தாலும் அவள் அதை நம்பித்தான் சொன்னாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தார்.

“கேட்டாங்க” என்றார்.

“என்ன?”

“எந்தக் கணக்குன்னு கேட்டாங்க புள்ள. நல்லாத்தான் கேட்டாங்க, பாவம். நாந்தான் பணியக் கணக்குன்னு சொன்னேன்.”

அவளுக்கு விளங்கவில்லை. பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டாரா என்று பார்த்தாள். அந்த முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

“நடுக்கணக்குப் பாலம் ஒடஞ்சு கெடக்குல்ல? வண்டி மேல வரணும்னா அந்தப் பக்கமா மலையவே சுத்தணும். சுத்தி வந்து, ஏத்தி, திரும்பச் சுத்திப் போறதுக்குள்ள என்ன ஆகுறது? நாங்க குறுக்கால எறங்குனா வண்டிக்கு முன்னாடி ரோட்டுக்கு வந்துருவோம். எப்பவும் அப்புடித்தானே. ஒன்னயப் பெத்தெடுக்கவும் ஒங்கம்மாவ அந்த வழியிலதான் தூக்கிட்டு எறங்குனோம். அதான் பணியக் கணக்குப் பத்தாம் லயத்துல வந்து நில்லுங்க, நாங்க அங்க கொண்டாறோம்னு சொன்னேன். சரின்னாங்க.”

சிவசக்தி கையிலிருந்த சாமான் பையைத் தரையில் இறக்கி வைத்தாள்.

“எறங்குனோம். ஒங்க அத்த வீட்டு வாசல்ல கம்பளிய எறக்கி வச்சோம். வண்டியக் காணோம். வரும் வரும்னு ரோட்டயே பாத்துக்கிட்டு நின்னேன். பொறவு போன் பண்ணேன். வண்டி வந்துருச்சுய்யா, ஒங்க வீட்டு வாசல்லதான் நிக்குது, அங்க ஆளத்தான் காணோம்னாங்க.”

அவர் கை தானாக வாசலைக் காட்டியது. அங்கே அவளுடைய செருப்பு கிடந்தது.

“அம்மா அப்ப பேசிக்கிட்டுத்தான் இருந்துச்சு” என்றார் அப்பா. “தண்ணி கேட்டுச்சு.”

சொன்ன இடத்தில் வண்டி வந்து நின்றிருக்கிறது. சரியான இடம், சரியான நேரம். அதை அங்கிருந்து கிளப்பி விட்டது யார்? கேள்வியை முடிக்கிறதற்குள் பதில் வந்துவிட்டது. ஒரு நல்ல மனசு, வழி தெரியாதவனுக்கு வழி காட்டிவிட்டது. சொன்ன இடத்தில் இல்லையென்றால் அதே பெயர் உள்ள வேறு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. ஒரு நொடிகூட யோசிக்காமல் அவளே எழுதிய விதி. நிரோஜனின் வாயை அம்மாவின் சாவைச் சொல்லி அடைத்த விதி.

“ஏன்பா சொல்லல? ஊரே ஒங்களச் சொல்லுதே. நீங்க மறந்துட்டீங்கன்னு அத்தயே சொல்றாங்களே.”

“சொன்னா ஒங்க அத்த இருப்பாளா?”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு, ஏதோ கொத்துமல்லி விலை பேசுகிற மாதிரி, “நான் மறந்ததாவே இருந்துட்டுப் போகட்டும். வயசான ஆளு, மறந்துட்டான்னா எல்லாரும் ஒத்துக்குவாங்க. நீயும் ஒத்துக்கிட்டியே” என்றார்.

அதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் பரவாயில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அரிசிப் பையும் மாத்திரையுமாக வந்து வாயைத் திறக்காமல் போய் அவரைத் தண்டித்திருக்கிறாள், செய்யாத தப்புக்கு. அவர் அதையும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார், அரிசியை வாங்கி வைத்தது போல. சிவசக்திக்கு வெட்கமாக இருந்தது. பல்லுக்குப் போட்ட ஊசி இறங்குகிறபோது முதலில் வலி வராது, கன்னத்தில் குறுகுறு என்று ஏதோ ஊரும். நெஞ்சுக்குள் அப்படி ஊர்ந்தது.

என்ன செய்வது என்று தெரியாமல் போனை எடுத்து மிப்ரானுக்கு எழுதினாள். ‘விதி இரண்டை எடுத்துவிடுங்கள். சொன்ன இடத்தில் இல்லையென்றால், இல்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்கட்டும். நிரோஜன் சொன்னதுதான் சரி.’ பதில் உடனே வந்தது: ‘ஏன் தங்கச்சி? அது நல்ல விதியாச்சே?’ திங்கட்கிழமை இதற்கு ஏதாவது காரணம் சொல்லவேண்டும். உண்மைக் காரணத்தை யாரிடமும் சொல்ல முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கீழே படியில் சத்தம் கேட்டது. அத்தை இரைக்க இரைக்க ஏறி வந்தாள். கையில் துணியில் சுற்றிய ரொட்டி, ஒரு கிண்ணத்தில் சம்பல். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“சொல்லிட்டியா புள்ள?” என்று காதோடு கேட்டாள். காதோடு என்று பேர், லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

“சொல்லிட்டேன் அத்த.”

“அதான பாத்தேன், மொகத்துல ஒரு தெளிவு தெரியுது. இந்தாண்ணே, ரெண்டு வாயி தின்னு. புள்ளயே சொல்லிருச்சுல்ல.” தட்டில் ரொட்டியை வைத்து அண்ணன் மடியில் திணித்தாள். அப்பா ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். உண்மையாகவே மென்றார். அதைப் பார்த்ததும் அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள், அந்தச் செருப்புக்குப் பக்கத்தில்.

“யாரத்தான் குத்தம் சொல்றது? அண்ணன் அந்தக் கணக்குப் பேர மட்டும் ஒரு வார்த்த... சரி விடு, இனிப் பேசி என்ன. நானாவது அன்னிக்கு வீட்டுல இருந்தேன். அத நெனச்சுத்தான் புள்ள ராத்திரியில கண்ண மூடுறேன். நான் இல்லாட்டி அந்த வண்டி வந்த வழியே திரும்பிப் போயிருக்கும். இல்ல?”

கேட்டுவிட்டு சிவசக்தியின் முகத்தையே பார்த்தாள். அது கேள்வி இல்லை. ஒவ்வொரு தடவையும் யாராவது ஆமென்று சொல்லவேண்டும், சொன்னால்தான் அடுத்த நாள் வரைக்கும் அவளுக்குத் தாங்கும். இது ஏன் முன்பே தனக்குத் தெரியவில்லை என்று சிவசக்தி நினைத்தாள். அப்பா மெல்லுவதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார்.

“ஆமா அத்த” என்றாள் சிவசக்தி. “அப்பாதான் கணக்குப் பேரச் சொல்ல மறந்துட்டாரு. நல்லவேள, நீங்க இருந்தீங்க.”

அப்பா குனிந்து அடுத்த துண்டைப் பிய்த்தார். ரொட்டி சரியாகப் பிய்யவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சிவசக்திக்கு எங்கிருந்தோ பீறிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. உடம்பு குலுங்க, குரல் உடைந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

அத்தை பதறி எழுந்து வந்து அவளை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். “அழு புள்ள, அழு. இப்பவாச்சும் அழுதியே” என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள்.